பத்துக்கு இரண்டு இலக்கம்

பிப்ரவரி 3

அக்கா,

நீ போனை எடுக்கப் போவதில்லை என்று தெரிந்துவிட்டது. அதனால் எழுதுகிறேன். கடிதத்தைப் பாதியில் துண்டிக்க முடியாது. கிழிக்கலாம், ஆனால் நீ கிழிக்கிற ஆள் இல்லை.

சனிக்கிழமை நடந்ததற்கு மன்னிப்புக் கேட்கத்தான் உட்கார்ந்தேன். எதற்கு என்று பிரித்துக் கேட்க வேண்டும் அல்லவா. சொன்ன விஷயத்துக்குக் கேட்க முடியாது, அது கணக்கு. சொன்ன விதத்துக்குக் கேட்கிறேன்.

உங்கள் பள்ளிக் கணிதக் கண்காட்சிக்கு என்னைச் சிறப்பு விருந்தினர் என்று கூப்பிட்டாய். பாப்பா பிறந்த பிறகு நான் ஒழுங்காகத் தலைவாரி, பையில் துணியும் பாட்டிலும் இல்லாமல், மனுஷியாக வெளியே வந்த முதல் நாள். மேடையில் உட்கார்ந்திருந்தபோதுகூடத் தோளில் பால் வாசனை வருகிறதோ என்று இரண்டு முறை முகர்ந்து பார்த்துக்கொண்டேன். அதற்கு முந்தின நாள்தான் கல்லூரியிலிருந்து எங்கள் துறைத் தலைவர் போன் செய்திருந்தார். "அவசரம் ஒண்ணும் இல்லம்மா. குழந்தையைப் பாத்துக்கோ. உன் கிளாஸை இப்ப இருக்கிற பையன் நல்லாவே எடுக்கிறான்." அந்த 'நல்லாவே' எனக்குள் சுற்றிக்கொண்டே இருந்தது. நான் எடுத்ததும் 'நல்லாவே' தானா, அல்லது வெறும் 'நல்லா' வா?

அந்த நிலைமையில்தான் உங்கள் சுவரைப் பார்த்தேன். அழகாகத்தான் இருந்தது அக்கா, மேடையில் அதையும் சொல்லியிருக்க வேண்டும். இடது பக்கப் படிகளோடு 1, 2, 3 என்று ஏறி, நடுவில் இரண்டு படிக்கட்டும் சேருகிற இடத்தில் ஜன்னலுக்குக் கீழே பெரிய 10, பிறகு வலது பக்கமாக 9, 8, 7 என்று இறங்கி 1. சேர்த்துப் படித்தால் 12345678910987654321. பக்கத்தில் உன் கையெழுத்தில் பலகை: "முன்னாலிருந்து படித்தாலும் பின்னாலிருந்து படித்தாலும் ஒரே எண். இது ஒரு பகா எண். ஒன்றையும் தன்னையும் தவிர எதனாலும் மீதியில்லாமல் வகுக்க முடியாது."

பார்த்த உடனே எனக்குள் மணி அடித்தது. முன்னும் பின்னும் ஒன்றாக வருகிற எண், விகடகவி மாதிரி. இலக்கங்கள் இருபது, அதாவது இரட்டைப்படை. அப்படிப்பட்ட எந்த எண்ணும் பதினொன்றால் வகுபடும். பகா எண்ணாக இருக்கவே முடியாது. ஏழு மாதமாகத் தூங்கிக் கிடந்த மூளை ஒரு நொடியில் எழுந்து நின்றது. அந்தச் சந்தோஷத்தில்தான் மைக்கைப் பிடித்தேன்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். "ஒன்பதாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறவங்களுக்கு இது தெரிஞ்சிருக்கணும்" என்று சேர்த்திருக்க வேண்டாம். அந்த வாக்கியத்துக்கு மன்னிப்பு.

பதில் எழுது. திட்டியாவது எழுது.

சின்னு

பிப்ரவரி 11

சின்னு,

கடிதம் வந்தது. கிழிக்கவில்லை.

போனில் உன் குரலைக் கேட்டால் நான் இளகிவிடுவேன், அது எனக்கும் தெரியும் உனக்கும் தெரியும். ஆகவே எழுத்திலேயே இருப்போம்.

திட்ட நேரமில்லை. செய்தி மட்டும் சொல்கிறேன். திங்கட்கிழமை நான் வருவதற்குள் சுவர் வெள்ளையாகிவிட்டது. ஹெச்.எம். கூப்பிட்டார். "நான் என்ன டீச்சர் சொல்றது, உங்க கூடப் பிறந்தவங்களே மைக்குல சொல்லிட்டாங்களே" என்றார். ஒன்பதாம் வகுப்புக் கணக்கு இப்போதைக்குக் காம்பஸ் சாரிடம். வட்டம் போடாமல் எந்தக் கணக்கையும் ஆரம்பிக்க மாட்டார், அதனால் அந்தப் பெயர். எனக்கு ஆறாம் வகுப்பு. வருகிற ஆண்டு யாருக்கு எது என்று மார்ச் கடைசியில் கூட்டம் போட்டு முடிவு செய்வார்கள். அதுவரை ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளை வெள்ளிக்கிழமை கணித மன்றத்தில் மட்டும் பார்க்கலாம்.

பத்து வருஷம் போராடி வாங்கிய வகுப்பு அது. உனக்குத் தெரியும், ஆகையால் நீட்டவில்லை.

தவறு என் பக்கமும் உண்டு. அந்த எண்ணை ஒரு புதிர்ப் பக்கத்தில் பார்த்தேன். பகா எண் என்று போட்டிருந்தது. முன்னும் பின்னும் ஒன்று என்பதை நானே சேர்த்தேன். வகுத்துப் பார்க்கவில்லை. பிள்ளைகளிடம் தினமும் "சரிபார்த்தியா, சரிபார்த்தியா" என்று கத்துகிறவள். வெட்கமாக இருக்கிறது. இப்போதும் அந்த எண்ணை எழுத உட்கார்ந்தால் மூன்றாவது இலக்கத்தில் உன் மைக் சத்தம் கேட்கிறது, பேனாவை மூடிவிடுகிறேன்.

ஒரு உதவி. மன்றத்துப் பிள்ளைகள் ஏன் ஏன் என்று கேட்கிறார்கள். பதினொன்று எப்படி உள்ளே வருகிறது என்று எனக்குப் புரிகிற மாதிரி எழுதி அனுப்பு. மார்ச் கூட்டத்துக்கு முன் அதை ஒரு நல்ல பாடமாக எடுத்துக் காட்டினால் ஹெச்.எம். மனசு மாறலாம். நீ சொன்னால் சரியாகத்தான் இருக்கும். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

பாப்பாவுக்குச் சளி விட்டதா?

அக்கா

பிப்ரவரி 27

அக்கா,

தாமதத்துக்குக் காரணம் பாப்பாவுக்குப் பல். கீழே ஒன்று வெள்ளையாகத் தெரிகிறது. கையில் கிடைப்பதையெல்லாம் கடிக்கிறாள். போன வாரம் முழுக்க என் தோளை விட்டு இறங்கவில்லை, எழுத ஒரு கைகூட மிச்சம் இல்லை.

நீ கேட்டது சுலபம்தான். பதினொன்றின் சோதனை உனக்குத் தெரியும்: ஓர் இலக்கம் விட்டு ஓர் இலக்கமாக எடுத்து இரண்டு கூட்டல் போடு. இரண்டுக்கும் வித்தியாசம் சுழியாகவோ பதினொன்றின் மடங்காகவோ இருந்தால் வகுபடும். 2772 எடுத்துக்கொள். ஒன்றாவதும் மூன்றாவதும் 2, 7. கூட்டினால் ஒன்பது. இரண்டாவதும் நான்காவதும் 7, 2. அதுவும் ஒன்பது. வித்தியாசம் சுழி. முன்னும் பின்னும் ஒன்றாக இருக்கிற எண்ணில் ஒவ்வோர் இலக்கத்துக்கும் மறுபக்கத்தில் ஒரு ஜோடி உண்டு. மொத்த இலக்கங்கள் இரட்டைப்படை என்றால் ஜோடியில் ஒன்று ஒரு கூட்டலிலும் மற்றது அடுத்த கூட்டலிலும் விழும். ஆகவே இரண்டு கூட்டலும் எப்போதும் சமம். அவ்வளவுதான்.

483384 கொடுத்துப் பார்க்கச் சொல், 43944 வரும். நான்கு இலக்கம், ஆறு இலக்கம் போதும். அந்தப் பெரிய எண் வேண்டாம். பிள்ளைகளுக்கு வீண் குழப்பம். சுவரையே வெள்ளையடித்துவிட்டார்கள், அதை ஏன் திரும்பக் கிளற வேண்டும்.

அழுகிறாள், போகிறேன்.

சின்னு

மார்ச் 8

சின்னு,

2772 நன்றாகப் போயிற்று. 483384 இன்னும் நன்றாக. ஒவ்வொருவனும் தன் பங்குக்கு ஒரு விகடகவி எண் செய்துகொண்டு வந்து வகுத்துக் காட்டினான். ஹெச்.எம். கூட வாசலில் நின்று பார்த்துவிட்டுப் போனார்.

பெரிய எண்ணை நீ வேண்டாம் என்றாய். ஆனால் பிள்ளைகள் விடவில்லை. குறிப்பாக ஒருத்தி. மன்றத்தில் அவளுக்கு எதிர்க்கட்சி என்று பெயர், எதைச் சொன்னாலும் எழுந்து நிற்பாள். சுவரில் நடுவிலிருந்த பெரிய பத்தை வரைந்தவளும் அவள்தான். வீட்டில் போட்டுக்கொண்டு வந்தாள்.

"மிஸ், மிச்சம் ஒண்ணு வருது."

"எங்கயோ விட்டிருக்க. மறுபடி போடு."

மறுபடி போட்டாள். "மறுபடியும் அதே ஒண்ணுதான் மிஸ். வேற ஒண்ணு வரல."

எல்லாரும் சிரித்தார்கள். மூன்றாவது முறையும் போடச் சொன்னேன். போட்டுவிட்டு நோட்டை என் முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். நேற்று எனக்குப் பொறுமை போய்விட்டது. "எம்.எஸ்ஸி. படிச்சவங்க மேடையில சொல்லியிருக்காங்க. நீ அவங்களைவிடப் பெரிய ஆளா?" என்று கேட்டேன்.

"பெரிய ஆள் இல்ல மிஸ். மிச்சம்தான் வருது" என்றாள்.

உட்கார் என்றேன். அந்த நோட்டுப் பக்கத்தை அடிக்கச் சொன்னேன். அடித்தாள். கோடு நேராகப் போட்டாள், ஸ்கேல் வைத்து.

உன்னிடம் கேட்பது ஒன்றுதான். பதினொன்றால் வகுத்தால் வருகிற சரியான ஈவை எழுதி அனுப்பு. கரும்பலகையில் எழுதிப் போட்டுவிட்டால் அவள் வாயும் அடங்கும், என் மனசும் அடங்கும். அந்தக் கோட்டைப் பார்த்ததிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை.

அக்கா

மார்ச் 11

அக்கா,

அந்தப் பெண்ணிடம் நீ அடிக்கச் சொன்ன பக்கம்தான் சரி.

ஈவு கேட்டாய். ஈவு இல்லை. மீதி ஒன்றுதான் வரும். அவள் எத்தனை முறை போட்டாலும், நான் எத்தனை முறை போட்டாலும். நான் போட்டேன், அக்கா. உன் பிப்ரவரிக் கடிதம் வந்த அன்றைக்கே, பாப்பாவைத் தோளில் போட்டுக்கொண்டு, உனக்கு அழகாக எழுதி அனுப்பலாம் என்று. ஒரு கூட்டல் நாற்பத்தைந்து, இன்னொரு கூட்டல் நாற்பத்தாறு. தூக்கமில்லாததால் என்று நினைத்தேன். மறுபடி கூட்டினேன். அதற்கப்புறம் கூட்டுவதை விட்டுவிட்டு இரண்டு ஓரத்திலிருந்தும் விரல் வைத்து உள்ளே வந்தேன். ஒன்றுக்கு ஒன்று, இரண்டுக்கு இரண்டு, ஒன்பதுக்கு ஒன்பது. நடுவில் என் இரண்டு விரலும் ஒரு 1 மேலும் ஒரு 0 மேலும் நின்றன.

அது விகடகவி எண்ணே இல்லை. திருப்பி எழுதிப் பார், நடுவில் 01 என்று வரும். வாயால் எண்ணினால் ஏறுவதும் இறங்குவதும் ஒன்றுதான், ஏனென்றால் வாய்க்குப் பத்து ஒரே சொல். கணக்குக்குப் பத்து இரண்டு இலக்கம். விகடகவி என்ற சொல்லை எழுத்து எழுத்தாகத் திருப்புகிறோம். இந்த எண்ணை நானும் நீயும் சொல் சொல்லாகத் திருப்பிவிட்டோம். சுவரில் அந்தப் பத்து ஒரே படமாக நடுவில் இருந்ததால் கண்ணும் அதையே சொன்னது.

ஆகவே உன் பலகையில் இரண்டு வாக்கியம் இருந்தது. இரண்டும் சேர்ந்து உண்மையாக இருக்க முடியாது என்று நான் சொன்னது சரி. எது பொய் என்பதில்தான் தவறினேன். பகா எண் என்பது உண்மை. கல்லூரியில் கணினித் துறையில் இருக்கிற தோழியிடம் கொடுத்துச் சரிபார்த்தேன், மீதியில்லாமல் எதனாலும் வகுபடவில்லை. நான் நிற்கவிட்ட வாக்கியம்தான் பொய்.

இதெல்லாம் தெரிந்த பிறகுதான் உனக்கு 2772 எழுதினேன். பல் முளைத்தது நிஜம். ஆனால் அது காரணம் இல்லை. 'பலகை தவறு என்றுதானே சொன்னேன், பலகை தவறுதானே' என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். உன் ஹெச்.எம்.மும் எங்கள் துறைத் தலைவரும் ஒன்றாகப் படித்தவர்கள். ஒரு வாய்வழியாகப் போய்ச் சேர்ந்தால் போதும், 'பிள்ளை பெத்த பிறகு பாவம் அவளுக்கு' என்று தொடங்கிவிடுவார்கள், நான் திரும்பிப் போக நாற்காலி இருக்காது. அதற்குப் பயந்தேன். அந்தப் பயத்துக்கான விலையை நீ உன் வகுப்பால் கட்டிக்கொண்டிருக்கிறாய் என்று தெரிந்தும் பயந்தேன். ஒரு பெண் ஸ்கேல் வைத்துக் கோடு போடுகிற வரைக்கும்.

உன் முகத்தை எப்படிப் பார்ப்பேன் என்று தெரியவில்லை. ஹெச்.எம்.முக்குக் கடிதம் எழுதித் தரட்டுமா?

சின்னு

மார்ச் 16

சின்னு,

உன் கடிதத்தை ஸ்டாஃப் ரூமில் பிரித்தேன். படித்துவிட்டு அதே தாளின் பின்பக்கம் வகுத்தேன். பேனா இந்த முறை நிற்கவில்லை. மீதி ஒன்று.

கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. மைக்கில் சொன்னதுகூடப் பரவாயில்லை, கூட்டத்தைப் பார்த்த சபலம். ஆனால் ஒரு மாதம். நான் "நீ சொன்னால் சரியாகத்தான் இருக்கும்" என்று எழுதியிருந்தேன், அதைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு மாதம் உட்கார்ந்திருக்கிறாய். பலகை தவறுதானே என்று சொல்லிக்கொண்டேன் என்று எழுதியிருக்கிறாய் பார், அதை எழுதாமல் இருந்திருந்தால் உன்னை மன்னிப்பது சுலபம். எழுதியதால்தான் மற்றதை நம்புகிறேன்.

அதைவிட என் விஷயம். வெள்ளிக்கிழமை எதிர்க்கட்சியை எல்லார் முன்னாலும் எழுப்பி நிற்க வைத்து, "நீ போட்டதுதான் சரி, நான் பார்க்காமலே உன் பக்கத்தை அடிக்கச் சொன்னேன், தப்பு என்னுடையது" என்றேன். துள்ளுவாள் என்று நினைத்தேன்.

"பரவால்ல மிஸ்" என்றாள்.

அவள் எதற்கும் பரவாயில்லை என்று சொல்லி நான் கேட்டதில்லை. அதற்கப்புறம் மணி அடிக்கிற வரை வாயைத் திறக்கவில்லை. மன்றமே அமைதியாக இருந்தது, காம்பஸ் சார் வகுப்பு மாதிரி.

கடிதம் வேண்டாம். ஹெச்.எம்.மிடம் பேசினேன். "அவங்க வாயால சொல்லட்டும்" என்கிறார். திங்கட்கிழமை காலைக் கூட்டத்துக்கு வா. அதே மைக். பாப்பாவை நான் வைத்துக்கொள்கிறேன்.

அக்கா

மார்ச் 25

அக்கா,

பஸ்ஸில் ஏறும்போது கையை மட்டும் ஆட்டினாய். நானும் ஆட்டினேன். இரண்டு பேரும் பேச வேண்டியதைப் பேசவில்லை, அதனால் மறுபடி தாள்.

மைக்கில் நான் சொன்னதை வீட்டுக்கு வந்து எழுதிப் பார்த்தேன். "அந்த எண்ணைப் பற்றி நான் கூறியது பிழை என்பது அண்மையில் என் கவனத்துக்கு வந்தது." அண்மையில். என் கவனத்துக்கு. யாரோ வழியில் போகிறவர் கொண்டுவந்து கொடுத்த மாதிரி. உன் பெயரைச் சொன்னேன், அந்தப் பெண் சரியாகப் போட்டாள் என்றும் சொன்னேன். ஆனால் அந்த ஒரு மாதத்தைச் சொல்லவில்லை. வாய் வரை வந்தது. முன் வரிசையில் எல்லா ஆசிரியர்களும் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார்கள், அந்தத் தலைகள் நின்றுவிடுமோ என்று விழுங்கிவிட்டேன்.

அப்புறம் கை தட்டினார்கள். "இவ்வளவு படிச்சும் எவ்வளவு பணிவு பாருங்க, பிள்ளைங்களா" என்றார் ஹெச்.எம். தவறு செய்தவளுக்கு இவ்வளவு கைதட்டல் கிடைக்கும் என்று தெரிந்திருந்தால் எல்லாரும் தவறு செய்வார்கள். நீ ஆறாம் வகுப்பு வரிசைக்குப் பின்னால் பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றிருந்தாய். பாப்பாவின் கைகளைப் பிடித்து நீயும் தட்ட வைத்தாய். அதைப் பார்க்காத மாதிரி இறங்கினேன்.

அதுகூடப் போகட்டும். ஹெச்.எம். அறையில் நடந்ததுதான் பெரிது. எனக்கு நாற்காலி போட்டார். உன்னை நிற்க வைத்துத்தான் கேட்டார்: "உங்க தங்கச்சிக்கு இப்பத்தான் தெரியும், சரி. நீங்க தினமும் அந்தப் பிள்ளைங்களோட இருக்கீங்க. ஒரு மாசத்துல ஒரு தடவை போட்டுப் பாத்திருக்கக் கூடாதா? ஒரு பொண்ணு வந்து சொல்லியும் அவளை அடக்கியிருக்கீங்க. இதை வெச்சுக்கிட்டு நான் எப்படி ஒன்பதாம் வகுப்பைத் திருப்பித் தர்றது?"

நீ என்னைப் பார்க்கவே இல்லை. "தப்புதான் மேடம்" என்றாய். பெரிய எண் வேண்டாம் என்று எழுதியது நான், அந்தக் கடிதம் உன் பையிலேயே இருந்திருக்கும். நீ எடுத்துக் காட்டவில்லை. நான் என்ன செய்தேன் தெரியுமா, பாப்பாவின் தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டேன். அவர் பேசி முடிக்கிற வரைக்கும் அந்தத் தொப்பி வேலைதான் செய்துகொண்டிருந்தேன்.

வெளியே வராந்தாவில் அந்தப் பெண் எதிரே வந்தாள். என்னைப் பார்த்து "குட் மார்னிங் மேடம்" என்று சொல்லிவிட்டு ஒதுங்கி நின்றாள். பெரிய ஆளுக்கு ஒதுங்குகிற மாதிரியே ஒதுங்கினாள்.

இன்றைக்குக் காலை ஹெச்.எம்.முக்கு எழுதி, பாப்பாவைத் தூக்கிக்கொண்டு போய் நானே தபாலில் சேர்த்துவிட்டு வந்துதான் இதை எழுதுகிறேன். பிப்ரவரியிலேயே எனக்குத் தெரியும், தெரிந்தே மறைத்தேன், வகுத்துப் பார்க்க வேண்டாம் என்று உன்னைத் தடுத்தவளும் நானே, நம்பினது மட்டும்தான் நீ செய்த குற்றம் என்று எழுதியிருக்கிறேன். கூட்டத்தில் இதைப் படிக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். மாதக் கடைசிக்குள் அவர் மேஜைக்குப் போய்விடும். அங்கிருந்து எங்கள் துறைத் தலைவரிடம் போகும், போகட்டும். உன்னைக் கூப்பிட்டுக் கேட்டால் என் பிப்ரவரி 27ஆம் தேதிக் கடிதத்தை எடுத்துக் கொடு. பழைய தேதி போட்டு இப்போது எழுதியது என்று யாரும் சொல்ல முடியாது, உறையில் முத்திரை இருக்கிறது.

என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். "உங்க அக்காகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போட்டிருக்கலாமே" என்றார். கேட்டிருக்கலாம். நீ வேண்டாம் என்றிருப்பாய். அந்த வேண்டாமை வாங்கிக்கொள்ளத்தான் நான் கேட்டிருப்பேன். அதனால் கேட்கவில்லை.

சின்னு